ஆடியில் பதியம், தையில் குடிபெயர்ப்பு

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருந்தது பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் ஒரு கிணறு, துணி துவைக்கிற கல், அதைச் சுற்றித் துண்டு மண். அந்த மண்ணில் என் மாமியார் வைத்த சிவப்புக் கொய்யாவும் எலுமிச்சையும் களாக்காய்ப் புதரும் நின்றன. பிற்பாடு நான் வைத்தவை மாதுளை, அத்தி, மல்பெரி. ஓனர் காலமான பிறகு அவர் பிள்ளைகள் இடத்தை அடுக்குமாடி கட்டக் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். 2023 ஆனி மாதத்திலேயே நேரில் வந்து, "தை பொறந்ததும் காலி பண்ணிக் குடுத்தா போதும்க்கா" என்று முறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். செங்குன்றம் தாண்டி எங்களுக்கு ஒரு கிரவுண்டு இடம் இருந்தது. அதில் வீட்டு வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. எங்களுக்குப் போக இடம் இருந்தது. செடிகளுக்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

கொய்யாக் கன்றுதான் நர்சரியில் கிடைக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று பலர் கேட்டார்கள். அந்தக் கொய்யாவின் ருசி எங்களுக்குத் தெரியும். கடற்காற்றையும், உப்புக் கரிக்கிற போர் தண்ணீரையும், 2016 வர்தா புயலையும் தாங்கி நின்ற மரம் அது. விதை போட்டு வளர்த்தால் அதே பழம் வரும் என்று நம்ப முடியாது, கொய்யாவில் விதைக்கன்று தாய்மரத்திலிருந்து மாறிப் போகும். பதியம் போட்டு, அதாவது கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர் விடவைத்து வெட்டி எடுத்தால், அதே மரம்தான் இன்னோர் இடத்தில் நிற்கும். என் மாமியாருக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. தான் வைத்த மரத்தின் பழத்தை அவர் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்பது எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது.

பொக்லைன் வைத்து மரத்தையே வேரோடு பெயர்த்துவிடலாம் என்று என் கொழுந்தனார் சொன்னார். வருடக்கணக்கில் வேரோடிய கொய்யாவைப் பெயர்த்தால் தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் முக்கால்வாசி மண்ணோடு தங்கிவிடும். ஆளும் வண்டியும் வைத்துச் செலவழித்த பிறகு நட்ட இடத்தில் காய்ந்து நிற்கும் என்பதுதான் என் எண்ணம். ஒன்றிரண்டு வயதுச் செடியாக இருந்தால் மண்கட்டியோடு எடுக்கலாம். அதற்கு மேல் போனால் பதியம்தான்.

வீடு மாறப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மாதத்தைப் பார்க்கச் சொல்லித்தான். நம்மில் பலர் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதில்லை. ஆனால் சென்னையில் பதியம் போட ஆடியை விட நல்ல மாதம் கிடையாது. கத்திரி வெயில் போய்விட்டிருக்கும், சாயங்காலத்தில் அவ்வப்போது மழை விழும், காற்றில் ஈரம் இருக்கும், மரங்கள் புதுத் துளிர் விட்டு வேகமாக வளரும். ஆடியில் போட்ட கொய்யாப் பதியம் ஆவணி தாண்டிப் புரட்டாசியில் வேர் பிடித்திருக்கும். அதை வெட்டித் தொட்டிக்கு மாற்றினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிக்குள் வேர் நிரம்பும். மார்கழியில் தேறும். தையில் வண்டி ஏற்றலாம். தையில் நட்டால் சித்திரை பிறக்க மூன்று மாதம் இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வைகாசியில் காலி செய்யச் சொல்லி மாசியில் நோட்டீஸ் வருகிற குடும்பங்களுக்கு இந்த வசதி கிடைக்காது. ஆகவே வாடகை வீட்டில் பழச்செடி வைத்திருப்பவர்கள், வீடு மாறும் பேச்சு வருகிறதோ இல்லையோ, வருடா வருடம் ஆடியில் ஓரிரு பதியம் போட்டுத் தொட்டியில் வைத்திருப்பது நல்லது. தேவைப்படாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் எந்தச் செடி எந்த வழியில் வரும் என்று பிரித்துக்கொண்டோம். கொய்யாவும் எலுமிச்சையும் விண்பதியம், அதாவது கிளையை மண்ணில் புதைக்காமல் அந்தரத்திலேயே பொதி கட்டி வேர் விடவைப்பது. மாதுளை, அத்தி, மல்பெரி மூன்றும் குச்சி வெட்டி நட்டால் வரும். களாக்காய்க்கு விதை. முற்றத்தில் நின்ற கறிவேப்பிலைக்குப் பக்கத்திலேயே வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் இருந்தன, அவற்றைப் பாரை போட்டு எடுத்தால் போதும். பக்கத்து வீட்டுச் சப்போட்டா மேல் எனக்கு ஆசை இருந்தது. சப்போட்டாவை நர்சரிக்காரர்கள் பாலை மரக் கன்றில் ஒட்டுக் கட்டித்தான் எடுக்கிறார்கள். வீட்டில் முயன்று மாதங்களை வீணாக்குவதை விட நல்ல ஒட்டுக்கன்றாக ஒன்று வாங்கிக்கொள்வதே மேல் என்று அதை விட்டுவிட்டேன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் மரம் ஒட்டுக்கன்றாக வந்ததென்றால் அடிமரத்தில், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்புகிற கன்று வேறு மரம். அதை எடுத்து நட்டால் பழம் வேறாக இருக்கும். எங்கள் கொய்யா பதியக்கன்றாக வந்தது என்று மாமியாருக்கு நினைவிருந்தது. அதனால் வேரிலிருந்து வந்த கன்றுகளும் அதே கொய்யாதான். அவற்றிலும் ஒன்றைத் தோண்டி எடுத்தோம்.

மாதவரத்தில் ஒரு நர்சரியில் வெகுகாலமாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். பதியம் போடுகிற கை அவருடையது. அவரை வரவழைத்து, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு, மிச்சத்தை நானே போட்டேன்.

எந்தக் கிளையில் பழம் பெரிதாகக் காய்த்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே மரத்தில் எந்தக் கிளையில் எடுத்தாலும் ருசி ஒன்றுதான் என்றார் அவர். பார்க்க வேண்டியது கிளையின் வயதும் வளமும். போன வருடம் வளர்ந்த கிளை, பென்சில் தடிமனிலிருந்து சுண்டுவிரல் தடிமன் வரை, பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கியது, வெயில் படும்படி வெளிப்பக்கம் நீண்டிருப்பது, மாவுப்பூச்சி இல்லாதது. கிளை நுனியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வட்டமாக ஒரு கீறல், அதிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இன்னொரு வட்டம், இரண்டுக்கும் நடுவில் நெடுக்காக ஒரு கீறல். பட்டை மோதிரமாகக் கழன்று வரும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

"பட்டைய உரிச்சா மட்டும் போதாதும்மா. உள்ள வழவழன்னு இருக்குது பாரு, அது போற வரைக்கும் சுரண்டணும். இல்லன்னா மரம் புண்ண ஆத்திக்கும், வேர் உடாது" என்றார்.

இலையில் தயாராகிற உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. மோதிரம் எடுத்த இடத்தில் வழி அறுந்துபோவதால் மேல் விளிம்பில் அது தேங்குகிறது, அங்கிருந்துதான் வேர் கிளம்புகிறது. வேரிலிருந்து மேலே போகிற தண்ணீர் நடுக்கட்டை வழியாகப் போவதால் கிளை வாடாமல் இருக்கும். அந்த வழவழப்பான படலம் மிச்சமிருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும், உணவு பழையபடி கீழே இறங்கிவிடும். வேர் விடுவதற்குக் கிளைக்குக் காரணமே இருக்காது. காரணம் புரிந்த பிறகு என் கை தானாகவே கவனமாகிவிட்டது. வேர் ஊக்கிப் பொடி போடுவதானாலும் மேல் விளிம்பில்தான் தடவ வேண்டும். கொய்யாவுக்கு அது நன்றாகவே உதவுகிறது. உரம், பூச்சிமருந்து விற்கிற கடைகளில் சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கும்.

உரித்த இடத்தைப் பொதிந்து கட்ட ஸ்பாக்னம் பாசி சிறந்தது. நாங்கள் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தினோம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். வாளியில் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, மறுபடி ஊறப்போட்டுக் கழுவிய பிறகே எடுக்க வேண்டும். கழுவுகிற தண்ணீரும் உப்பாக இருந்தால் பயனில்லை. எங்கள் போர் தண்ணீரை வாளியில் வைத்தால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். பதியத்துக்கும் தொட்டிக்கும் தெருக்குழாய் மெட்ரோ தண்ணீரையும், மழை பெய்த அன்று ஓட்டுத் தாழ்வாரத்தில் அண்டா வைத்துப் பிடித்த தண்ணீரையும் மட்டுமே பயன்படுத்தினேன். வடசென்னையில் கடலோரமாக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இலையோரம் கருகத் தொடங்கினால் அது பெரும்பாலும் உப்பின் வேலை.

கழுவிய நார்க்கழிவைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டக்கூடாது, ஈரமாக மட்டும் இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி அளவு வைத்து, உரித்த இடத்தை மூடி, கண்ணாடிபோல் தெரிகிற பாலிதீன் காகிதத்தைச் சுற்றி இரண்டு முனையையும் இறுக்கிக் கட்ட வேண்டும். மேல்முனைக் கட்டு இன்னும் இறுக்கமாக இருக்கட்டும், அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் உள்ளே அழுகிவிடும். அதற்கு மேல் கோணித் துண்டைச் சுற்றினோம். வெயில் நேராகப் பட்டால் உள்ளே வெந்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அணில். நாரைப் பிய்த்துக் கூட்டுக்கு எடுத்துப் போக அதற்கு ரொம்பப் பிடிக்கும். கோணியை அவிழ்த்துப் பார்த்தால் பாலிதீன் வழியாக வேர் தெரியும்.

வெள்ளை வேர் தெரிந்ததும் வெட்டத் தோன்றும், பொறுக்க வேண்டும். வேர் கிளைத்து, பழுப்பு ஏறி, பாலிதீனை ஒட்டி நாலாபக்கமும் ஓடிய பிறகுதான் தாய்மரத்திலிருந்து பிரிக்கலாம். கொய்யாவுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம், எலுமிச்சைக்குச் சில சமயம் அதற்கும் மேல். ஒரே வெட்டாகப் பிரிக்காமல், பொதிக்குக் கீழே பாதி ஆழம் வெட்டிவிட்டு ஒரு வாரம் கழித்து முழுதாக வெட்டச் சொன்னார் பெரியவர். கிளை தன் வேரை நம்பிப் பிழைக்கப் பழகுவதற்கு அந்த ஒரு வாரம். வெட்டியதும் இலைகளில் பாதியைக் கிள்ளிவிட வேண்டும். பாலிதீனைப் பிரித்து எடுக்க வேண்டும், நார்க்கழிவை உதறக் கூடாது. பதிய வேர் கண்ணாடித் துண்டாக ஒடியும். நார்க்கட்டியோடு அப்படியே தொட்டிக் கலவையில் இறக்கி, குச்சி நட்டுக் கட்டி, முதல் பத்து நாள் நிழலில் வைத்தோம். எல்லாம் பிழைக்கவில்லை. சில பதியங்களில் வேரே வரவில்லை, தொட்டிக்கு மாறியவற்றிலும் சில வாடின. பதியத்தில் இது வழக்கம்தான். இரண்டு செடி வேண்டுமென்றால் ஐந்தாறு பதியமாவது போடுங்கள்.

குச்சி வெட்டுவது இவ்வளவு வேலை இல்லை. மாதுளையில் ஒரு வருடம் முதிர்ந்த கிளை, பென்சில் தடிமன், எட்டிலிருந்து பத்து அங்குல நீளம். கீழ்வெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழே சாய்வாக, மேல்வெட்டு கணுவுக்குச் சற்று மேலே நேராக. இப்படி வெட்டினால் எது அடி, எது நுனி என்ற குழப்பம் வராது. தலைகீழாக நட்ட குச்சி வேர் விடாது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். அத்திக்கும் இதே முறை. அத்தியை வெட்டினால் பால் வடியும், நிழலில் வைத்துப் பால் உலர்ந்த பிறகு நட்டால் அழுகல் குறையும். மல்பெரி எந்த மருந்தும் கேட்காது. ஈர மண்ணில் செருகினால் வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அதை விட ஏற்ற செடி இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சி வாங்கிப் போனார்கள்.

குச்சியில் துளிர் வந்துவிட்டால் வேர் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. குச்சிக்குள் சேர்ந்திருக்கும் உணவைக் கொண்டே இரண்டு மூன்று இலை விடும். வேர் இல்லையென்றால் அந்த இலைகள் ஒரு வெயிலில் தொங்கிவிடும். இழுத்துப் பார்க்கவும் கூடாது, அப்போதுதான் கிளம்பிய வேர் அறுந்து போகும். துளிர் வந்து, நின்று, மறுபடியும் புதிய இலை வருகிற வரை நிழலிலேயே இருக்கட்டும்.

களாக்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இப்போது வீடுகளில் அதை அதிகம் பார்க்க முடிவதில்லை. காயாக இருக்கும்போது ஊறுகாய்க்கும், கறுத்துப் பழுத்தால் அப்படியே சாப்பிடவும் நல்லது. வறட்சி தாங்கும், முள் இருப்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. செங்குன்றத்து இடத்துக்கு மூன்று பக்கம் மதில் கிடையாது, பக்கத்து மனைகளில் மாடு மேய்கிறது. களாக்காயை மூன்றடிக்கு ஒன்றாக நட்டு வேலியாக வளர்ப்பது என்று அப்போதே முடிவெடுத்தோம். வேலிக்கு நிறையக் கன்று வேண்டும், விதைதான் வழி. கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து, விதையைக் கழுவி, அன்றே அல்லது மறுநாளே விதைத்துவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் முளைப்பு போய்விடும். விதைக்கன்று காய்க்கத் தாமதமாகும்தான், ஆனால் வேலிக்கு அது குறையே இல்லை.

எலுமிச்சையை விதையாகவும் போட்டு வைத்தேன். நம் நாட்டு எலுமிச்சையில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவதுண்டு, அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தை ஒத்தே இருக்கும். எல்லாவற்றிலும் மெலிந்து நிற்பதைப் பிடுங்கிவிட்டு நன்றாக வளர்வதை வைத்துக்கொள்ள வேண்டும். காய்க்கச் சில வருடம் கூடுதலாகும். ஆனால் விதைக்கன்றுக்கு ஆணிவேர் உண்டு. பதியத்துக்கு அது கிடையாது, அதன் வேர் மேலாகவே பரவும். புயல் அடிக்கிற ஊரில் இரண்டு விதத்திலும் ஒவ்வொன்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தொட்டிக்கு எங்கள் முற்றத்து மண்ணை எடுக்கவில்லை. கொய்யா மரத்தடியில் மெல்லிய வேர்களைக் கிளறிப் பார்த்தபோது சிலவற்றில் முண்டு முண்டாக வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நூற்புழுவின் அடையாளம் அது. அந்த மண்ணைக் கொண்டு போனால் புழுவையும் சேர்த்துக் குடிவைத்த மாதிரி ஆகும். வேரிலிருந்து எடுத்த கொய்யாக் கன்றை, பெரியவர் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், விட்டுவிட்டோம். கறிவேப்பிலைக் கன்றுகளின் வேரையும் அலசிப் பார்த்து, முண்டு இல்லை என்று தெரிந்த பிறகே எடுத்துக்கொண்டோம். விண்பதியத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். மண்ணையே தொடாமல் அந்தரத்தில் வேர் விடுவதால் மண்ணில் இருக்கிற நோய் அதோடு வராது. தொட்டிக்குப் புதிதாக வாங்கிய செம்மண், கழுவிய நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. மாவுப்பூச்சிக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலையின் அடிப்புறம் படும்படி தெளிப்பு.

அந்த வருடம் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் பக்கம் முற்றத்தில் முழங்காலுக்குத் தண்ணீர், சாக்கடையும் சேர்ந்து நின்றது. எங்களுடையது ஓட்டு வீடு, மாடி கிடையாது. புயல் எச்சரிக்கை வந்ததுமே பக்கத்து வீட்டு பாய், "செடியெல்லாம் நம்ம மாடில ஏத்துங்கக்கா" என்று தன் பையன்களை அனுப்பினார். மாடியில் காற்று கூடுதல். தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் படுக்க வைத்து, ஒன்றோடொன்று கயிறு போட்டுக் கட்டினோம். நிமிர்த்தி வைத்தால் காற்று பிடுங்கிப் போட்டிருக்கும். மண்ணிலேயே பாத்தி கட்டி நட்டிருந்த மாதுளை, அத்திக் குச்சிகளில் பாதி அந்தத் தேங்கிய தண்ணீரில் அழுகின. மல்பெரி அதிலும் பிழைத்தது. மாடிக்கு ஏறியவை எல்லாம் நின்றன. வடசென்னையில் ஐப்பசி கார்த்திகையில் கன்று வைத்திருப்பவர்கள் எதையும் தரையில் வைக்க வேண்டாம். செடி ஒரு வாரம் தாகம் தாங்கும், ஒரு வாரம் வேர் மூழ்கிக் கிடந்தால் தாங்காது.

பாய்க்கு ஒரு கொய்யாப் பதியமும் ஒரு மாதுளையும் கொடுத்தோம். கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் நாத்தனாருக்கு எலுமிச்சையும் கொய்யாவும். நன்றிக்காக மட்டும் கொடுக்கவில்லை. ஒரு மரத்தின் கன்றுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு புயலிலோ ஒரு நோயிலோ எல்லாமே போய்விடலாம். நாலு வீட்டில் இருந்தால் எங்காவது ஒன்று தங்கும். பிற்பாடு செங்குன்றத்தில் எங்கள் எலுமிச்சைப் பதியம் ஒன்று பட்டுப் போனபோது, நாத்தனார் வீட்டுச் செடியிலிருந்துதான் மறுபடி பதியம் எடுத்தோம்.

பொங்கல் கழிந்து குட்டி யானையில் ஏற்றினோம். சாமான்களோடு சேர்த்து ஏற்றாமல் செடிக்குத் தனி நடை. முந்தின நாளே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். ஏற்றுகிற நேரத்தில் ஊற்றினால் தொட்டி கனத்து மண் கலகலத்துவிடும். தொட்டிகளுக்கு இடையில் ஈரக் கோணி, இலைகளின் மேல் ஈரத் துணி, அதற்கு மேல் தார்ப்பாய். வெயிலை விட ஓடுகிற வண்டியின் காற்றுதான் இலையை அதிகம் காயவைக்கும். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல் என்று போகிற வழியில் லாரி நெரிசலில் நிற்க நேர்ந்தால் செடி வெந்துபோகும் என்று விடியற்காலையிலேயே கிளம்பினோம்.

தண்டையார்பேட்டை மண் கடல்மணல் கலந்தது, ஊற்றிய தண்ணீர் நிற்காது. செங்குன்றத்துச் செம்மண் மழையில் இளகி, காய்ந்தால் கெட்டிப்படுகிறது, கரையானும் உண்டு. நடுவதற்குச் சில வாரம் முன்பே குழி எடுத்து ஆறவிட்டிருந்தோம். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் ஒன்றரை அடி நீள அகல ஆழம், குழிக்குப் பத்து கிலோ மக்கிய எரு, ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, மேல்மண். புதுச் சாணியைப் போட்டால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். ஆணிவேர் இல்லாத பதியக் கன்றுகளுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டினோம். ஏரிப் பக்கமிருந்து வீசுகிற காற்றுக்கு அது அவசியமாக இருந்தது.

எந்தச் செடியை எடுத்துப் போவது என்பதைப் புது இடத்தின் தண்ணீரையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எங்களுக்கு அங்கே போர் தண்ணீர் நன்றாக இருந்தது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய இடங்களில் மனை வாங்கியிருப்பவர்கள் எலுமிச்சையை நம்பிப் போக வேண்டாம், உப்பை அது கொஞ்சமும் தாங்காது. மாதுளையும் சப்போட்டாவும் ஓரளவு தாங்கும்.

பதியக் கன்று சீக்கிரம் பூக்கும், ஏனென்றால் அது காய்க்கும் வயது வந்த கிளை. நட்ட சில மாதத்திலேயே கொய்யா பூத்தது. கிள்ளப் போனேன்.

"புது எடத்துல மொத மொத பூத்திருக்கு, அதப் போயி கிள்றியேம்மா" என்று மாமியார் கையைப் பிடித்தார்.

"அத்தை, இப்ப காய்க்க உட்டா வேர் வளராது. அடுத்த வருஷம் நெறைய சாப்பிடலாம்" என்றேன். அவர் மனம் ஆறவில்லை. ஒரே ஒரு பூவை மட்டும் விட்டேன். அது பழுத்ததும் அவர் கையில் கொடுத்தேன், நாலாக நறுக்கி எல்லோருக்கும் தந்துவிட்டுத் தனக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டார். அதே ருசி. மிச்சப் பூக்களை அந்த வருடம் முழுவதும் கிள்ளினேன். அடுத்த வருடம் கிளை தாழக் காய்த்தது.

முதல் கத்திரியைத் தாண்ட வைப்பதுதான் கடினம். மேற்குப் பக்கம் பனை ஓலை சாய்த்து நிழல் கட்டினோம், பிற்பகல் வெயில்தான் இளங்கன்றைக் கொல்கிறது. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுத் தேங்காய் மட்டையையும், ஜூஸ் கடையில் வாங்கிய கரும்புச் சக்கையையும் மூடாக்காகப் போட்டோம். தண்டை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். தினமும் கொஞ்சம் ஊற்றுவதை விட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக இறங்கும்படி ஊற்றினால் வேர் கீழே தேடிப் போகும்.

களாக்காய் வேலி இப்போது இடுப்பளவு வந்துவிட்டது. மாதுளை பூக்கிறது, பிஞ்சில் பாதி உதிர்கிறது, பழத்துளைப்பானுக்குப் பயந்து மிச்சத்துக்குத் துணிப்பை கட்டியிருக்கிறோம். அத்தி மட்டும் இலை இலையாகச் செழித்து நிற்கிறதே தவிரக் காய் பிடிக்கவில்லை. எருவையும் தண்ணீரையும் குறைத்து, கிளைகளைக் கவாத்து செய்யச் சொல்லியிருக்கிறார் மாதவரத்துப் பெரியவர். இந்த மார்கழியில் வெட்டப் போகிறேன். வெட்டுகிற குச்சிகளுக்கு அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.